பழி சுமந்த படங்கள்

ஊரார் ஒருவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிட்டால், அவனை நேரிற் கண்டு, அவனோடு நாலு வார்த்தை பேசி, சொல்லப்பட்டது மெய்தானா என்று சோதிப்பவர் மிகச் சிலரே. மற்றவர் யாவரும் கேட்டதையே திருப்பிச் சொல்லித் தம் அறிவைத் தாமே மெச்சிக்கொள்வர். சினிமாப் படங்களுக்கும் இந்தக் கதி உண்டு. அவற்றுள்ளும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்கு இது மிகுதி. குடும்பக் கதையொன்றில் வீட்டுச் சுவர் சற்று ஆடினாலும் ஒருவரும் கவனியார். வீடு இன்னதென்று எல்லாருக்கும் தெரியுமாதலால் குறையை மனமே நிரப்பிக்கொள்ளும். வேற்றுக் கிரகத்துக் கப்பல் கயிற்றில் தொங்குவது கண்ணிற் பட்டாலோ கொட்டகை முழுவதும் நகைக்கும். அதன்பின் அப்படம் எதைச் சொன்னாலும் எவர் காதிலும் ஏறாது.

இதைப் பற்றிச் சென்ற மாதம் நம் தோட்டத்தில் பெரியதொரு வாதம் நடந்தது. சம்பளத்தை அடுத்த ஞாயிறு மாலையில், பழைய வாசகசாலைக் கட்டிடத்தின் வெள்ளைச் சுவருக்கு நேரே சிறு படக்கருவி ஒன்றை வைத்து ஏதேனுமொரு பழம் படத்தைப் பார்ப்பது நம்மில் ஐந்தாறு பேருக்கு வழக்கம். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பட்டறையில் டிராக்டர் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர், பால்மரம் சீவிய காலத்தவராய், செம்பனை வந்த பின்னும் லயத்தை விட்டுப் போக மறுத்த பெரியவர் ஒருவர், இவர்கள் தவறாமல் வருவர். ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணியாகிய நமக்கு அங்கே ஓர் உத்தியோகம் உண்டு. திரையில் வரும் ஆங்கில எழுத்துக்களைப் பெரியவருக்காக உரக்கத் தமிழிற் சொல்வது அது.

ஆசிரியர் கட்சி இது: “உலகம் ஒரு படத்தை மட்டமென்று ஐம்பது வருஷமாகச் சொல்லி வந்தால் அது மட்டமாகத்தான் இருக்கும். காலத்தைக் காட்டிலும் நல்ல நீதிபதி ஏது?” பட்டறை இளைஞர் விடவில்லை. “உலகம் பார்த்தது எந்தப் பிரதியை, சார்? முழுப் படத்தையா, பாதிப் படத்தையா? அதை முதலில் சொல்லுங்கள்” என்றார்.

இளைஞர் கேட்டது குறும்பான கேள்விபோலத் தோன்றினும் அதில் நியாயம் உண்டு. அவர் முதலில் எடுத்துக்காட்டியது ‘பிளேட் ரன்னர்’. ரிட்லி ஸ்காட் இயக்கிய அப்படம் 1982-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி அமெரிக்காவில் வெளிவந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்னரே ஸ்பீல்பர்க்கின் ‘ஈ.டி.’ வெளிவந்து, வேற்றுலகத்துக் குழந்தையொன்றைக் காட்டி ஜனங்களை உருக வைத்திருந்தது. உருகிய ஜனங்களுக்கு ஓயாத மழையும் இருட்டும் மனிதச் சாயலில் வார்த்த அடிமைகளின் சாவும் பிடிக்கவில்லை. படத்தின் முதலாளிகளோ வெளியீட்டுக்கு முன்னரே அஞ்சி, கதாநாயகன் வாயால் விளக்கவுரை ஒன்றைச் சேர்த்தனர்; முடிவில் காதலர் இருவரும் பசுமையான மலைவழியே காரிற் போவதாக வேறொரு படத்துக்கென எடுத்து மிஞ்சிய காட்சியை ஒட்டினர். படம் தோற்றது. 1992-ல் அந்த ஒட்டுக்களைக் கழற்றிய பிரதியும், 2007-ல் டைரக்டர் முற்றிலும் தம் மனம்போல் ஒழுங்கு செய்த பிரதியும் வெளிவந்தன. இன்று அதைப் பழிப்பாரைக் காண்பது அரிது. அதே ஜூன் 25-ந் தேதியில் வெளிவந்து, அருவருப்பு என்று வைது ஒதுக்கப்பட்ட ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ என்னும் படத்துக்கும் இதே கதைதான். அந்தப் படத்தில் ஒரு காட்சியும் பின்னர் மாற்றப்படவில்லை என்பது கவனிக்கத் தக்கது. மாறியது பார்த்தவர் மனம். ஆசிரியர் இவ்விரண்டையும் தயங்காமல் விட்டுக்கொடுத்தார். ஆனால், “இவையெல்லாம் பெரும் பணம் போட்டு, கைதேர்ந்தவர்கள் எடுத்தவை. ‘பிளான் 9’ பற்றிச் சொல்லும்” என்று மடக்கினார்.

அந்தப் படத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விரித்துரைக்க வேண்டும். எட்வர்ட் வுட் என்னும் அமெரிக்கர் எழுதி இயக்கிய அப்படம் 1957-ல் முதன்முதல் காட்டப்பட்டு 1959-ல் ஊருக்கு வந்தது. வேற்றுக் கிரகத்தார் சுடுகாட்டுப் பிணங்களை எழுப்பி மனிதர் மேல் ஏவுவது கதை. டிராகுலா வேஷத்தால் ஒரு காலத்திற் பெரும்புகழ் பெற்ற பேலா லுகோசி, கதை உருவாகுமுன்னரே 1956-ல் இறந்துபோனார். அவரை வைத்து வேறெதற்கோ எடுத்திருந்த சில நிமிஷத் துண்டுகளை வுட் இப்படத்திற் செருகினார். எஞ்சிய காட்சிகளுக்குத் தம் மனைவிக்கு எலும்பு வைத்தியம் செய்தவரைப் பிடித்து, முகத்தைப் போர்வையால் மறைத்து நடக்கச் சொன்னார். அவரோ லுகோசியைவிட நெடியவர்! பணம் கொடுத்தவர்கள் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். சமாதிக் கற்கள் அட்டையாதலால் ஆடும். பகலும் இரவும் ஒரே காட்சியில் மாறி மாறி வரும். 1980-ல் மெட்வெட் சகோதரர் இருவர், வாசகர்களின் வாக்குக்களை எண்ணி, உலகிலேயே மிக மட்டமான படம் இதுவென்று புத்தகம் போட்டனர். வுட் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்னரே வறுமையில் இறந்திருந்தார். அவர் பெயர் உலகெங்கும் பரவியது அந்த நகைப்பினால்தான்.

நாம் இதனை இருமுறை பார்த்தோம். கெட்ட படம் என்பதில் ஐயமில்லை. வசனம் காது கூசும். ஆயினும் ‘உலகிலேயே மிக மட்டமானது’ என்னும் பட்டம் பொய். மிக மட்டமான படம் அலுப்பூட்டும். பார்த்த மறுநாள் நினைவில் நில்லாது. இதிலோ வேற்றுக் கிரகத்துத் தலைவன், மனிதர் குண்டுக்கு மேல் குண்டாகச் செய்துபோய்க் கடைசியில் சூரிய ஒளியையே வெடிக்கச் செய்து அண்டத்தை எரித்துவிடுவர் என்று வெகுண்டு கத்துகிறான். ஹைட்ரஜன் குண்டுகளை மாறி மாறி வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. அக்கோபத்தை ஓட்டை வாயால் ஒருவன் சொன்னதற்காக அது கோபமன்று என்று ஆகிவிடுமா? சொன்ன மாதிரிக்கு நகைக்கலாம். நகைத்தவர் பலர் சொன்ன பொருளைக் கேட்டதாகவே தெரியவில்லை.

நகைப்பதற்கென்றே கூடும் கூட்டத்தை நாம் நம்புவதில்லை. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து எடுத்த ‘காடு’ என்னும் படத்தில், பனியூழியில் மறைந்த மயிர்யானைகள் மறுபடி தோன்றுவதாகக் கதை. நம் நாட்டு யானைகளுக்கே உரோமத்தைப் போர்த்தி நடத்தினார்கள். இதைச் சொன்னால் இன்றும் தமிழர் சிரிப்பர். அவர்களுள் எத்தனை பேர் படத்தைக் கண்டனர் என்று கேட்டால் பதில் வராது.

பழி முழுவதும் தகும் என்று சொல்லத்தக்க படங்களும் இல்லாமற் போகவில்லை. 2000-ம் ஆண்டில் ஜான் டிரவோல்டா முன்னின்று எடுப்பித்து நடித்த ‘பாட்டில்ஃபீல்ட் எர்த்’ அத்தகையது. பணத்துக்குக் குறைவில்லை, தொழில் தெரிந்தவர்க்கும் குறைவில்லை. காமிராவை எந்நேரமும் சாய்த்துப் பிடித்திருப்பதற்கு மட்டும் காரணமில்லை. திரைக்கதை எழுதியவருள் ஒருவரே பின்னாளில், மட்டப் படங்களுக்கென்று கேலிப் பரிசளிக்கும் சபையில் நேரில் தோன்றி அதனை வாங்கிக்கொண்டார். பட்டறை இளைஞரும் இதற்கு வக்காலத்து வாங்கவில்லை.

வாதம் இவ்வளவில் நின்றிருக்கும். ஆசிரியர்தாம், “அறிஞர் ஒருவரே நேரிற் பார்த்துப் பழித்த படம் எதுவாயினும் தப்பியதுண்டா?” என்று கேட்டு, எச். ஜி. வெல்ஸ் பெயரை இழுத்தார். அங்கேதான் நாம் அகப்பட்டுக்கொண்டோம்.

வெல்ஸ் என்றால் நமக்குப் பள்ளி நாளிலிருந்து ஒரு பக்தி. ஆங்கிலத்தில் நாம் முதன்முதல் விரும்பிப் படித்தது அவர் கதைகளையே. காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் யந்திரமும், செவ்வாய்க் கிரகத்தாரின் படையெடுப்பும் அவர் தந்தவை அல்லவா? அவர் 1927-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில், ஜெர்மானியர் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் ஊமைப்படத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதைவிட அசட்டுத்தனமான படமொன்று இருக்க முடியாது என்பது அவர் தீர்ப்பு. இத்தீர்ப்பை நாம் படத்தைக் காணாமலே பல ஆண்டு பலரிடம் எடுத்தோதியிருக்கிறோம். பின்னர் ஒன்றரை மணி நேரம் ஓடும் மலிவுத் தட்டு ஒன்று கிடைத்தது. பார்த்தோம், கதை முன்னுக்குப் பின் ஒட்டவில்லை, யார் எதற்காக ஓடுகிறார் என்றே விளங்கவில்லை. வெல்ஸ் சொன்னது சரி என்று மகிழ்ந்தோம். பெரியார் ஒருவர் கருத்தோடு நம் கருத்து ஒத்துப்போவதில் உள்ள சுகம் வாசகர்களுக்குத் தெரியாததன்று.

படத்தின் கதையைச் சுருங்கச் சொல்வோம். வருங்கால நகரம் ஒன்று. மேலே வான்முட்டும் மாளிகைகளில் செல்வர் மக்கள் விளையாடுகின்றனர். கீழே, பூமிக்கடியில், யந்திரங்களை ஓட்டும் தொழிலாளர் வாழ்கின்றனர். நகரத்தின் அதிபதி யோ பிரெடர்சன். அவன் மகன் பிரெடர் ஒரு நாள் கீழிறங்கிச் சென்று, வெடித்த யந்திரம் ஒன்று மனிதரை விழுங்கும் பூதமாக மாறக் காண்கிறான். மரியா என்னும் நங்கை தொழிலாளருக்குப் பொறுமை போதிக்கிறாள். அதிபதியின் ஏவலால் விஞ்ஞானி ஒருவன் அவளைப் போலவே யந்திரப் பெண் ஒருத்தியைச் செய்து, தொழிலாளரைக் கலகத்துக்குத் தூண்ட அனுப்புகிறான். கலகத்தில் யந்திரங்கள் உடைகின்றன, வெள்ளம் புகுகிறது, கீழே விட்டுவந்த குழந்தைகளைத் தொழிலாளர் மறந்துவிடுகின்றனர். முடிவில் குழந்தைகள் பிழைக்கின்றனர். அதிபதியும் தொழிலாளரும் கை குலுக்குகின்றனர்.

வெல்ஸ் கூறிய குற்றங்கள் பல. தம்முடைய பழைய நாவல் ஒன்றின் சாயல் இதில் இருப்பதைச் சுட்டினார். வருங்கால வானில் பறப்பவை அன்றைய விமானங்களே என்று நகைத்தார். அவருடைய முக்கியமான வாதம் பொருளாதார சம்பந்தமானது. யந்திரம் பெருகினால் மனிதன் மாடுபோல் உழைக்கும் நிலை ஒழியும், பெருகாது. பண்டங்களை ஏராளமாக உற்பத்தி செய்யும் முதலாளிக்கு அவற்றை வாங்கும் வசதியுள்ள ஜனங்கள் வேண்டும். ஆகவே மாடாய் உழைக்கும் கூலி என்பவன் கழிந்துபோன காலத்தவன் என்றார்.

இந்த வாதத்தைப் பல ஆண்டு கழித்து, நம் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து மறுபடி படித்தபோதுதான் நமக்குத் திடுக்கிட்டது. அவர் அதை எழுதிய ஆண்டு 1927. லண்டன் தெருக்களில் அன்று ஓடிய மோட்டார்களுக்கெல்லாம் ரப்பர் சக்கரம். அந்த ரப்பருள் பெரும்பகுதி மலாயாவிலிருந்து போனது. அதைச் சீவியது எந்த யந்திரம்? இன்றளவும் பால்மரத்தை ஒவ்வொன்றாய் மனிதக் கையே சீவுகின்றது. கங்காணிகள் நம் பாட்டன்மாரைக் கிராமம் கிராமமாகத் திரட்டிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலமல்லவா அது? அவ்விதம் உதவிப் பணத்தில் கூலிகளை அனுப்புவதை இந்திய சர்க்கார் தடுத்தது 1938-ல்தான். லண்டனில் இருந்த அறிஞர் கண்ணுக்கு மோட்டார் தெரிந்தது. அதன் அடியிலிருந்த கை தெரியவில்லை. மேலே மாளிகையும் கீழே கூலியுமாக ஒரே நகரத்தில் அடுக்கிக் காட்டுவது அசட்டுத்தனம் என்றார். கடலுக்கு அப்பால் இருந்ததைத் தரைக்கு அடியில் வைத்துக் காட்டியது தவிர அப்படம் வேறு என்ன பிழை செய்தது?

இனி, அவர் பார்த்தது எது என்னும் கேள்வி. பிரிட்ஸ் லாங் இயக்கிய அப்படத்தை எடுக்க ஒன்றரை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஆயிற்று. ஐம்பது லட்சம் மார்க்குக்கு மேல் விழுங்கிற்று. பெர்லினில் 1927-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி முதற்காட்சியில் அது இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடியது. உஃபா என்னும் அந்தப் படக் கம்பெனி கடனில் மூழ்கி, அமெரிக்கக் கம்பெனிகளின் கையை எதிர்பார்த்திருந்தது. அமெரிக்காவிலோ நீளமென்று சொல்லி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை வெட்டி, நாடகாசிரியர் ஒருவரை வைத்துக் கதையையே மாற்றி எழுதினர். அதிபதியும் விஞ்ஞானியும் ஒரே பெண்ணை விரும்பிப் பகைத்தவர்கள் என்பது மூலக் கதை. இறந்துபோன அப்பெண்ணின் பெயர் ஹெல். ஆங்கிலத்தில் அது நரகம் என்று ஒலிக்குமாம்; ஆதலால் அவளை அடியோடு நீக்கிவிட்டனர்! விஞ்ஞானி யந்திரப் பெண்ணை ஏன் செய்தான் என்பதற்கிருந்த காரணமே இதனால் போயிற்று. ஆங்கில நாட்டில் அவ்வாண்டு காட்டப்பட்டதும் சுருக்கிய பிரதியே. ஜெர்மனியிலும் சில மாதங்களில் முழுப் படத்தை மீட்டுக்கொண்டு, வெட்டியதையே ஓட்டினர். வெட்டிய துண்டுகள் மறைந்தன. கதை ஒட்டவில்லை என்று உலகம் எண்பது ஆண்டு சொல்லி வந்தது இந்தத் துண்டைப் பார்த்துத்தான்.

மறைந்தது அகப்பட்ட விதம் ரசமானது. 1928-ல் அர்ஜென்டினா நாட்டு விநியோகஸ்தர் ஒருவர், வெட்டுமுன் இருந்த முழுப் பிரதியை வாங்கிப்போயிருந்தார். அது கைமாறிக் கைமாறி, ஒரு விமர்சகரின் சேகரிப்பில் தங்கி, பின் சிறு அளவுப் பிலிமில் நகலெடுக்கப்பட்டு, பியூனஸ் அயர்ஸ் நகரத்துப் பொருட்காட்சிசாலை அலமாரியிற் கிடந்தது. அந்நகரத்துப் படச் சங்கத்தார் ஒருவர், தாம் ஒரு காலத்தில் அப்படத்தைக் காட்டியபோது கருவியில் பிலிம் குதித்ததாகவும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றதாகவும் அலுத்துக்கொண்டதுண்டு. அதைக் கேட்டிருந்த பெர்னாண்டோ பேஞ்ஞா என்னும் ஆராய்ச்சியாளருக்கு ஒரு கணக்கு உதித்தது. உலகத்துப் பிரதிகள் எவையும் அவ்வளவு நேரம் ஓடுவதில்லையே! பல ஆண்டு முயன்று, 2008-ல் அப்பொருட்காட்சிசாலையின் தலைவியாகிய பவுலா பெலிக்ஸ்-திதியேருடன் சேர்ந்து பெட்டியைத் திறந்தார். ஒருவர் விரல் வலித்ததனால் ஒரு படத்தின் மானம் மீண்டது. இருபத்தைந்து நிமிஷக் காட்சிகள் சேர்ந்த பிரதி 2010-ம் ஆண்டு பிப்ரவரியில் பெர்லினிற் காட்டப்பட்டது.

அப்பிரதியைத்தான் சென்ற மாதம் நாம் சுவரில் ஓட்டினோம். மீட்ட துண்டுகளை அடையாளம் காண்பது எளிது. பழைய பிலிமின் கீறல்கள் நகலிலும் ஏறிவிட்டதனால், அவ்விடங்களில் அடைமழை பெய்வதுபோல் கோடுகள் விழும். “மழை வந்துவிட்டது!” என்று பட்டறை இளைஞர் ஒவ்வொரு முறையும் கூவினார்.

படத்தின் தொடக்கத்தில் தொழிலாளர் முறை மாறும் காட்சி வருகிறது. கறுப்புடை அணிந்த இரண்டு வரிசைகள். ஒன்று உள்ளே போகிறது, ஒன்று வெளியே வருகிறது. தலைகள் குனிந்திருக்கின்றன. வருகின்றவர் நடை போகின்றவர் நடையிற் பாதி. ஒரு சொல்லும் திரையில் இல்லை. நமக்கு மொழிபெயர்க்க வேலையில்லை. பெரியவர் தாமாகவே, “இது நம்ம பெரட்டுதானே, கிராணியாரே?” என்றார். விடியுமுன் மணியடித்து வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட நாட்களை அவர் உடம்பு மறக்கவில்லை. ஆசிரியர் அப்போது ஒன்றும் பேசாதிருந்தார். வானளாவிய கட்டிடங்கள் பொம்மைகள் என்பதும், கண்ணாடியின் இரசத்தை ஓரிடத்தில் சுரண்டியெடுத்து, பொம்மைக் கட்டிடத்தின் நிழலையும் அப்பால் நிற்கும் மனிதனையும் ஒரே படமாகச் சேர்ப்பது ஷுஃப்டான் என்பவர் கண்ட உபாயம் என்பதும் இளைஞருக்குத் தெரியும், விளக்கினார். பெரியவர் அதையும் கேட்டுக்கொண்டார். பொம்மை என்று தெரிந்த பின்னும் அவர் பார்வை மாறவில்லை.

நம்மைத் தைத்த இடம் வேறு. யோசபாத் என்று ஒருவன் வருகிறான். அவன் அதிபதியின் அந்தரங்கக் காரியதரிசி. நம் பாஷையிற் சொன்னால் பெரிய கிராணி. யந்திரசாலை மேஸ்திரியாகிய குரோட் என்பவன், மாண்ட தொழிலாளரின் சட்டைப்பைகளில் கண்ட இரகசிய வரைபடங்களை நேரே அதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இந்தச் செய்தி தன் காரியதரிசி மூலம் ஏன் முதலில் வரவில்லை என்று அதிபதிக்குக் கோபம். ஒரே சொல்லில் யோசபாத்தை நீக்கிவிடுகிறான். அந்நகரத்தில் நீக்கப்படுவதென்றால் பூமிக்கடியில் இறங்குவதென்று பொருள். அவன் படிக்கட்டில் நின்று துப்பாக்கியைத் தன் மேலே திருப்புகிறான். அதிபதியின் மகன் தடுத்துக் காக்கிறான். பின்னர் அதிபதியின் ஒற்றன் அவன் வீடு தேடி வந்து, பணம் காட்டி மயக்கி, மிரட்டி, தாக்குகிறான். அவன் இணங்க மறுக்கிறான். குழந்தைகளை வெள்ளத்திலிருந்து மீட்க உதவுபவருள் அவனும் ஒருவன்.

அவன் வீட்டில் நடக்கும் இக்காட்சிகளில் மழை விடாது பெய்தது. அதாவது, 1927-ல் கத்திரிக்கோலை எடுத்தவர்கள் வெட்டியெறிந்தவற்றுள் பெரியதொரு பங்கு ஒரு கிராணியின் கதை! நாம் இளமையிற் பார்த்துச் சிரித்த மலிவுத் தட்டில் அவன் முகம்கூட நினைவில் நிற்கவில்லை. உத்தியோகம் போகும் பயத்தை ஒவ்வொரு மாதமும் ருசி பார்க்கும் நமக்கு, நமக்காகவே எழுதியதுபோன்ற பகுதியைக் காணாமலே அப்படத்தை அசடு என்று சொல்லித் திரிந்தோம். இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கம் உண்டு; ஆயினும் ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

இவ்வளவு சொன்னதனால் படத்தில் குற்றமே இல்லை என்று நாம் வாதிப்பதாகக் கொள்ளற்க. முடிவைப் பற்றி வெல்ஸ் சலித்துக்கொண்டது முற்றும் சரி. மூளைக்கும் கைக்கும் நடுவே நின்று இணைப்பது இருதயம் என்பது படத்தின் போதனை. கதையை எழுதிய தேயா ஃபொன் ஹார்பூ, லாங்கின் மனைவி. பின்னாளில் நாஜிக் கட்சியிற் சேர்ந்தவர். லாங்கே முதுமையில் அம்முடிவு தமக்குப் பிடித்ததில்லை என்றும், அது வெறும் கட்டுக்கதை என்றும் சொன்னார். கோவில் வாசலில் கை குலுக்குகிறவர் யார் யார் என்று கூர்ந்து பாருங்கள். ஒருபுறம் அதிபதி. மறுபுறம் வேலை செய்து களைத்து விழுந்தவனல்லன். குரோட் என்னும் அந்த மேஸ்திரி! வரைபடத்தைக் காட்டிக்கொடுத்த கங்காணிக்கு முதலாளியின் கை கிடைக்கிறது. தொழிலாளர் பின்னே கூட்டமாக நிற்கின்றனர். சம்பளம் கூடிற்றா, வேலை நேரம் குறைந்ததா, பூமிக்கு மேலே வீடு கிடைத்ததா என்பது பற்றிப் படம் வாய் திறப்பதில்லை.

கடைசியில் திரையில் வந்த அந்தப் போதனையை நாம் வழக்கம்போல் தமிழாக்கிப் பெரியவருக்குச் சொன்னோம். அவர் சற்று யோசித்து, “நடுவிலே நிக்கிறவருக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது?” என்று கேட்டார். அவர் நம்மைக் குத்திக் கேட்கவில்லை. படத்தைப் பற்றித்தான் கேட்டார். துரைக்கும் தொழிலாளருக்கும் நடுவில் நின்று செக்ரோல் எழுதும் நமக்கு உடனே பதில் வரவில்லை. “அதிபதிதான்” என்றோம். “அப்பச் சரி” என்று எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

ஆகவே அப்படத்தின் மேலுள்ள பழியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். கதை ஒட்டவில்லை என்னும் பழி, வெட்டியவரைச் சேரும். கூலியின் துயரம் பழங்கதை என்னும் பழி, சொன்னவருக்கே திரும்பும். முடிவு பொய் என்னும் பழி படத்தையே சேரும். எத்தனை நிமிஷக் காட்சி மீண்டாலும் அது தீராது. நன்றாக எடுத்த பொய்யாதலால், ‘பிளான் 9’ படத்தின் ஆடும் அட்டைக் கற்களைவிட இது ஆபத்தானதுங்கூட. இதை ஆசிரியரிடம் சொன்னபோது, “அப்படியானால் வெல்ஸ் பாதி வென்றார்” என்றார். பாதிக்குச் சற்றுக் குறைவு என்று இளைஞர் பேரம் பேசினார்.

வெல்ஸ் பழித்ததோடு நிற்கவில்லை; 1936-ல் தாமே திரைக்கதை எழுதி ‘திங்ஸ் டு கம்’ என்னும் படத்தை எடுப்பித்தார். வேலை செய்தவர்களுக்கெல்லாம், லாங் செய்ததற்கு நேர்மாறாகச் செய்யுங்கள் என்று குறிப்பு அனுப்பினாராம். அதில் நகரத்தின் மேல் விமானங்கள் குண்டு வீசும் பகுதி, சில ஆண்டுகளில் உலகமே அனுபவித்த பயங்கரத்தை முன்கூட்டிக் காட்டியது. வருங்கால மனிதரோ வெள்ளாடையும் தோட்போர்வையுமாக நின்று நீண்ட பிரசங்கங்கள் செய்கின்றனர். பார்ப்பவர் கொட்டாவி விடுகின்றனர். அப்படத்தில் ஜனங்களுக்கும் ஆள்பவருக்கும் நடுவே ஒரு கிராணியும் இல்லை, எல்லாரும் எஞ்சினியர்கள். அதையும் பின்னர் வெட்டித்தான் ஓட்டினார்கள்.

அடுத்த சம்பள ஞாயிறன்று அப்படத்தையே போட்டுப் பார்ப்பதென்று முடிவாகியிருக்கிறது. கிடைத்த பிரதி எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்பதை முதலில் எழுதிக் காட்ட வேண்டும் என்று ஆசிரியரே நிபந்தனை போட்டிருக்கிறார்.